ஐந்தாம் கியரில் நின்ற கார்

கனடாவில், எங்கள் ஸ்காபரோ வீட்டுக் கராஜில் கார் நின்ற நாட்களைவிட மீன் பொரிந்த நாட்கள்தான் கூட. குசினியில் பொரித்தால் அந்த மணம் யன்னல் சீலையில் ஏறி, குளிர்காலம் முடியும்வரை இறங்காது என்று அம்மம்மா பழைய மின்னடுப்பு ஒன்றைக் கராஜின் மூலையில் வைத்திருந்தா. தூள் இடிக்கிற காலத்தில் செத்தல் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் அங்கேதான் வறுபடும். கராஜின் மற்றப் பக்கம் சின்ன மாமாவுடையது. கிறீஸ், துருக் கழற்றும் எண்ணெய், தேய்ந்த ரயர், தகரப்பேணிகளில் அளவுவாரியாகப் பிரித்துப் போட்ட நட்டுகள், எப்போதும் ஈரமாக இருக்கும் சீமெந்துத் தரை. இரண்டு பக்கத்து மணமும் வந்து சந்திக்கிற இடத்தில் நான் ஒரு பால்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பேன். அதுதான் என் கதிரை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் படியில் போட்டுவிட்டு, ஒரு கையில் அம்மம்மா தந்த பொரித்த சூடைமீனும் மற்றக் கையில் மாமாவின் ரோச் லைற்றுமாக அதில் போய் உட்காருவேன். அந்த வீட்டைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவு வருவது வரவேற்பறையோ என் படுக்கையோ இல்லை, அந்தப் பால்பெட்டிதான்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. இரவில் பிளாஸ்ரிக் தொழிற்சாலை ஒன்றில் வேலை. விடிய வந்து படுத்து, மத்தியானம் எழும்பி, தேத்தண்ணிக் கோப்பையோடு கராஜுக்குள் இறங்கினாரென்றால் திரும்ப வேலைக்கு வெளிக்கிடும்வரை அங்கேதான். அயலட்டை ஆட்களின் கொறோலாக்களும் சிவிக்குகளும் பிரேக் மாற்றவும் எண்ணெய் மாற்றவும் வந்துகொண்டே இருக்கும். கொடுத்த காசை எண்ணிப் பாராமல் சட்டைப்பைக்குள் வைப்பார். பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் வேலை பழகியவர். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று பிறந்த நாட்டிலேயே அருகிப்போன கார்கள் எங்கள் ஊரில் வாடகைக் கார்களாக ஓடித்திரிந்த காலம். 1990இல் திரும்பவும் சண்டை தொடங்கி, பெற்றோலும் பற்றரியும் உள்ளே வராமல் தடைபட்ட பிறகு, அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகளில் மாமாவின் கையும் ஒன்று. மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்களாம். காபுறேற்றருக்குள் சில துளி விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். பின்னால் புகை ஒழுங்கை நிறைய நிற்குமாம். இதையெல்லாம் மாமா ஒரு சாகசமாகச் சொன்னதில்லை. எந்த நட்டுக்கு எந்தச் சாவி என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்.

அந்த மனிதர் ஒருநாள் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அம்மம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, "இதென்னடா, ரெண்டு சீற்தானே கிடக்கு? குடும்பம் எங்க இருக்கிறது?" என்று கேட்டா. மாமா சிரித்தார். அவருக்கு அப்போது குடும்பம் என்று நாங்கள்தான் இருந்தோம்.

அது மியாட்டா, 1990ஆம் ஆண்டு மொடல். எங்களிடம் வந்தபோது அதற்குக் கிட்டத்தட்ட என் வயது. 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார்க் காட்சியில் மஸ்டா முதன்முதலாகக் காட்டிய கார். ஜப்பானில் அதற்கு யூனோஸ் றோட்ஸ்ரர் என்று பெயர். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு, 1.6 லீற்றர் இயந்திரம், 116 குதிரைவலு, பின்சில்லுகள்தான் தள்ளும், இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி மடித்துவிடக்கூடிய துணிக்கூரை. இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. அன்றைக்கு என்னை ஆட்கொண்டது ஒரேயொரு சுவிச்சு. அதை அமத்தினால் முன்விளக்குகள் இரண்டும் உறையிலிருந்து எழும்பி நிற்கும், திரும்ப அமத்தினால் படுத்துவிடும். பற்றரி இறங்கப்போகிறது என்று மாமா கையைப் பிடித்து விலக்கும்வரை அமத்திக்கொண்டிருந்தேன்.

கார் மலிவாகத்தான் வந்தது. விற்றவருக்கு இயந்திரம் முடிந்துபோய்விட்டது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பார்க்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். இயந்திரத்தை ஓடவிட்டு, நீளமான ஸ்குறூட்றைவர் ஒன்றின் முனையை அங்கங்கே ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார் மாமா. மேல்பக்கம் கேட்டார், நடுப்பக்கம் கேட்டார், முன்னுக்குக் கீழே வந்ததும் காதை எடுக்காமல் கனநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, றேடியேற்றருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கைக் காட்டினார்.

"பிள்ளை, கீழ பார். அந்தக் கப்பி தலையாட்டுதோ?"

கிராங்க் தண்டின் மூக்கில் பூட்டியிருக்கும் கப்பி அது. ஒரு பெல்ற் அதிலிருந்து தண்ணீர்ப் பம்பையும் மின் பிறப்பிக்கும் அல்ரனேற்றரையும் சுற்றும். நல்ல கப்பி சுற்றும்போது அதன் விளிம்பு ஒரே கோட்டில் நிற்கும். இதன் விளிம்போ உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. "ஓம் மாமா, ஆடுது" என்றேன். மாமா நிமிர்ந்து, விற்கிறவரிடம் தன் உடைந்த ஆங்கிலத்தில், இயந்திரம் சாகவில்லை, முன்னுக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, திருத்தலாம், திருத்த முடியாமலும் போகலாம் என்று உள்ளதைச் சொன்னார். அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாமா கேட்ட விலைக்கே தந்தார்.

வீட்டுக்கு ஓட்டி வந்த வழியில் எக்ளின்ரன் வீதிச் சின்ன ஏற்றத்திலேயே கார் இளைத்தது. மிதித்தால் சத்தம் கூடியதே தவிர வேகம் வரவில்லை.

அன்றிரவு மாமா வேலைக்குப் போகவில்லை. கராஜ் லைற்றை அணைக்கச் சொல்லிவிட்டு, துவக்கு வடிவில் இருந்த ஒரு விளக்கை எடுத்தார். அதன் வயரை முதலாம் பிளக்கின் கம்பியில் கொழுவினால், அந்தப் பிளக்கில் பொறி விழுகிற ஒவ்வொரு தடவையும் விளக்கு ஒருமுறை மின்னும். ஓடுகிற கப்பியில் அந்த ஒளியைப் பிடித்தார். நான் மூச்சுவிட மறந்தேன். சுற்றிக்கொண்டிருந்த கப்பி அப்படியே இருட்டில் நின்றது. பெல்ற் இரைகிறது, காற்றாடி வீசுகிறது, கப்பி மட்டும் அசையாமல் நிற்கிறது! அதன் விளிம்பில் ஒரு கீறு இருக்கும், பக்கத்தில் எண்கள் அடித்த ஒரு தகடு. கீறு 10 என்ற எண்ணுக்கு நேரே நிற்கவேண்டும் என்றார் மாமா. எங்கள் கீறு நிற்கவில்லை. 10க்குப் போனது, விலகியது, திரும்பவும் வந்தது. நான் அதை விளையாட்டாக எடுத்து, "இப்ப வந்துட்டுது, இப்ப போட்டுது" என்று கத்திக்கொண்டிருந்தேன். மாமா விளக்கை அணைக்காமல் என்னைக் கத்தவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை சீடர்பிறே நூலகத்துக்குப் போய் அந்தக் காரின் திருத்தக் கைநூலை எடுத்துவந்தோம். தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கிய தட்டும் அங்கே இருந்தது, அம்மம்மாவுக்கு அதிலும் ஒன்று. பால்பெட்டியில் இருந்து நான் ஆங்கிலத்தைச் சத்தம்போட்டு வாசிப்பேன், மாமா காருக்கு முன்னால் முழந்தாளில் இருந்து கேட்பார். எனக்கு வாசிக்கத் தெரிந்தது, விளங்கவில்லை. அவருக்கு வாசிக்கக் கஷ்டம், ஒரு சொல்லிலேயே முழுக்க விளங்கிவிடும். அப்படி இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அந்த நூலைப் படித்து முடித்தோம்.

கப்பியை வெளியே இழுக்க நாலு சின்னப் போல்ற். அதற்குப் பின்னால், தண்டின் மூக்கில் நேரே ஏறியிருக்கும் பெரிய போல்ற், 21 மில்லிமீற்றர் சொக்கற். அதைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுற்றும். சுற்றாமல் இருக்க ஒரு வழி இருந்தது. காரை ஐந்தாம் கியரில் போட்டுவிட்டு, ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்கவேண்டும். அப்போது சில்லு கியரைப் பிடிக்கும், கியர் தண்டைப் பிடிக்கும். மிதிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. சீற்றை முன்னுக்கு இழுத்துவிட்டு, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். முன்னால் திறந்த பொனற் மறைத்திருந்ததால் மாமாவைக் காணவில்லை. "பிடி... பிடி... விடாத" என்ற குரல் மட்டும் கேட்கும். கார் அசையவேயில்லை, ஆனால் வாழ்க்கையில் முதன்முதலாக நான் கார் ஓட்டியது அன்றைக்குத்தான் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன். போல்ற் பெரிய முறுக்கில்லாமல் வந்துவிட்டது. அதுதான் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "இவ்வளவு லேசா வரக்கூடாது" என்று அதைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு பக்கமாக வைத்தார்.

உள்ளே இருந்து வந்தது ஒரு சின்ன இரும்புத் துண்டு. கீ என்பார்கள். என் சின்னிவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தண்டில் ஒரு காடி, கப்பியைத் தாங்கும் உருளையிலும் பல்சில்லிலும் ஒவ்வொரு காடி. மூன்றையும் நேர்வைத்து நிறுத்துவது இந்தத் துண்டு. பல்சில்லில்தான் மேலே போகிற ரைமிங் பெல்ற் ஓடுகிறது. வால்வுகள் எந்தக் கணத்தில் திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெல்ற் சொல்லித்தான் மேலே தெரியும். எங்கள் கீ ஒரு பக்கம் அரைபட்டுச் சாய்ந்திருந்தது. "உன்ர விரல் சின்னன், உள்ளுக்க விட்டுப் பார்" என்றார் மாமா. காடியின் ஒரு கரை கூராக, ஒழுங்காக இருந்தது. மற்றக் கரையில் விரல்நுனி வழுக்கிக்கொண்டு ஒரு பள்ளத்துக்குள் போனது.

"அம்மம்மா வீட்டுக் கிணத்துக் கப்பி ஞாபகம் இருக்கோ? அச்சு போற துவாரம் தேய்ஞ்சு, நீட்டா இழுபட்டு, தண்ணி அள்ளேக்க அங்கயும் இங்கயும் ஓடித் திரியுமே. உதுவும் அதுதான். ஆடினால் தேயும். தேய்ஞ்சால் இன்னும் ஆடும்."

பிறகு மாமா சொன்னதை இப்போதும் அப்படியே எழுத முடிகிறது. கீ பாரம் தாங்குவதற்கு இல்லையாம், இடம் காட்டுவதற்குத்தானாம். தாங்குவது போல்ற்றின் இறுக்கம். அந்த இறுக்கம் போனால், தாங்கத் தெரியாத இந்தச் சின்னத் துண்டின் தலையில் முழுச் சுமையும் வந்து விழுமாம். பல்சில்லு கொஞ்சம் பின்னுக்கு விலகும், வால்வுகள் பிந்தித் திறக்கும், காருக்கு மூச்சு வாங்கும்.

டாஷ்போட் பெட்டிக்குள் கிடந்த பழைய பற்றுச்சீட்டில் காரணம் இருந்தது. எங்கேயோ ஒரு கராஜில் ரைமிங் பெல்ற்றும் முன் எண்ணெய்ச் சீலும் மாற்றியிருந்தார்கள். சீல் மாற்றுவதற்கு அந்தப் பெரிய போல்ற்றைக் கழற்றியே ஆகவேண்டும். புதுப் போல்ற் வாங்கியதற்குக் கணக்கு இல்லை. பழையதையே கையளவில் இறுக்கிவிட்டிருக்கவேண்டும். ஆரம்பத்தில் வந்த இந்தக் கார்களில் தண்டின் மூக்கு குட்டை. 1991இன் நடுப்பகுதியிலிருந்து வந்தவற்றில் மூக்கு நீளமானது, போல்ற்றின் இறுக்கமும் கூடியது. வெளியிலிருந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம், பழைய கப்பியில் நாலு துளை, புதியதில் எட்டு. குட்டை மூக்கு என்பதற்காக எதுவும் நடந்துவிடாது. முறையாக இறுக்கிய எத்தனையோ கார்கள் இன்றும் அதே மூக்கோடு ஓடுகின்றன. ஆனால் அவை கவனக்குறைவைப் பொறுப்பதில்லை.

வந்து பார்த்த நண்பர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: தண்டை மாற்று, அல்லது பாகங்களாக வித்துப்போடு. தண்டை மாற்ற இயந்திரத்தையே வெளியே எடுக்கவேண்டும், அதற்கு ஆகிற செலவில் இன்னொரு கார் வாங்கலாம். மாமா கேட்டுக்கொண்டு நின்றார். அவர்கள் போனபின், தடைக்காலத்தில் கீ தேய்ந்தால் கார் வில்லுத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, அரத்தால் ராவி ராவித் தாங்களே செய்துகொண்டதைச் சொன்னார். வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். "அங்க ஒரு சாமானும் வராது. வராட்டியும் காலமை கார் ஓடவேணும். ஆஸ்பத்திரிக்குப் போறவை இருக்கினம்." இங்கே கடையில் சொல்லிவைத்த சில நாளில் புதுக் கீயும் புதுப் போல்ற்றும் ஒரு சின்னக் கடதாசிப் பையில் வந்தன. மாமா அந்தக் கீயை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பக்கமும் நேர், மூலை எல்லாம் கூர். எனக்கு அதில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது நினைத்தால், அந்த இடத்தில் அவருக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று தெரிகிறது.

தேய்ந்த காடிக்கு லொக்ரைற் 660 என்ற சாம்பல் நிறக் களி. காற்றில் இருக்கும்வரை களியாகவே இருக்கும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் காற்றில்லாமல் அகப்பட்டால் கல்லாக இறுகிவிடும். ஆனால் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் பிடிக்காது. ஆகவே துடைத்தார். ஸ்பிறே அடித்துத் துடைத்தார், பல்லுத்தூரிகையால் தேய்த்துத் துடைத்தார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்தார். அம்மம்மா அன்று மீன் பொரிக்கக் கூடாதென்று மாமா தடை போட்டார், எண்ணெய்ப் புகை படுமாம். அம்மம்மாவும் மறுபேச்சில்லாமல் அடுப்பைத் துணியால் மூடிவிட்டா.

மேலே இரண்டு காம்ஷாஃப்ற் சில்லுகள். ஒன்றில் ஐ என்ற ஆங்கில எழுத்து, மற்றதில் ஈ. காற்று உள்ளே வரும் பக்கம், புகை வெளியே போகும் பக்கம். பெல்ற்றைப் போடும்போது இரண்டு எழுத்துக்கும் நடுவில் 19 பல் இருக்கவேண்டும். நான் எண்ணினேன், மாமா எண்ணினார், சந்தேகத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மம்மாவையும் எண்ணவிட்டோம். அவ தமிழில் எண்ணி, "பத்தொன்பது, சரிதானே?" என்று கேட்டுவிட்டுப் போனா. பிறகு களி பூசி, கீயை இருத்தி, உருளையைச் சரியான பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, புதுப் போல்ற்றை ஏற்றினார். நான் திரும்பவும் உள்ளே போய் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். இறுக்கத்தை அளக்கிற சாவியை யாரிடமோ இரவல் வாங்கியிருந்தார். கைநூலில் நான் வாசித்த எண்கள் 80, 87. அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும், அடி இறாத்தல் கணக்கில். முன்னாலிருந்து ஒரு 'டிக்' கேட்டது. "காணும்" என்றார் மாமா. அவர் அதற்கு மேல் ஒரு முடிகூடத் திருப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பெரிய சோதனை. களி இறுக ஒரு முழுநாள் வேண்டும், குளிரில் இன்னும் பிந்தும். வெளியே நவம்பர் மாதம். மாமா சின்ன மின்சூடேற்றி ஒன்றை இயந்திரத்தின் மூக்குக்கு நேரே திருப்பி வைத்து, பக்கத்தில் ஒரு எரியும் பல்பையும் தொங்கவிட்டார். நான் நித்திரைப் பாயிலிருந்து எழும்பி வந்து பார்ப்பேன், பள்ளிக்கூடத்தால் ஓடிவந்து பார்ப்பேன். "இப்ப ஸ்ராட் பண்ணலாமோ?" "இல்லை." "இப்ப?" "ஆறுதலா இரு பிள்ளை, உள்ளுக்க அது வேலை செய்யுது." ஒரு நாள் போதும் என்று குப்பியிலேயே எழுதியிருந்தும், அதற்கு மேலும் அதைத் தொடாமல் விட்டார். கையில் எதுவுமில்லாமல் காத்திருக்கப் பழகிய ஒருவருக்கு, எல்லாம் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது பெரிய விசயமாக இருந்திருக்காது. நான்தான் தவித்துப்போனேன்.

அம்மம்மா ஸ்ரியரிங்கில் திருநீறு பூசிவிட, மாமா திறப்பைத் திருப்பினார். துவக்கு விளக்கில் கீறு 10க்கு நேரே வந்து நின்றது. நின்றது நின்றதுதான்! நான் கத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த ஞாயிறு, குளிருக்குள்ளேயே கூரையை மடித்துவிட்டு, என் தலையில் அம்மம்மாவின் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டு, பிறிம்லி வீதியால் ஏரிக்கரைக்கு இறங்கினோம். கிங்ஸ்ரன் வீதியைத் தாண்டியதும் ஸ்காபரோவின் வெண்மணற் பாறைகளுக்கு நடுவால் அந்த வீதி செங்குத்தாக ஒன்ராறியோ ஏரிக்கு இறங்கும். இறங்குவது எந்தக் காருக்கும் சுகம். திரும்பி ஏறும்போதுதான் தெரியும். கீழே நின்று, வாத்துகளுக்குப் பாண் போட்டு, கோப்பி குடித்துவிட்டு ஏறத் தொடங்கினோம். மாமா இரண்டாம் கியரில் மிதித்தார். முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. காலடியில் ஹீற்றரின் வெக்கை, காதில் பனிக்காற்று, மூக்கில் சூடேறிய இயந்திரத்தின் மணம். வேகங்காட்டியின் முள் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. திரும்பி மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வீதியைப் பார்க்கவில்லையோ என்று பயம் வந்தது. அவர் பொனற்றைத் தாண்டி, முன்னாலிருந்து வருகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். மேட்டில் ஏறி முடிந்ததும், "மூச்சு வாங்கேல்லை" என்றார். பிறகு இன்னொருமுறை கீழே இறங்கி ஏறினோம்.

சில வருசம் அந்தக் கார் எங்களோடு இருந்தது. மாமா கலியாணம் முடித்து, மாமிக்கு விசா வந்து, பிள்ளையும் பிறந்தபோது இரண்டு சீற் போதாமல் போயிற்று. அம்மம்மா முதல்நாள் கேட்டது சரிதான். வாங்க வந்தவன் ஒரு பல்கலைக்கழகப் பொடியன். மாமா பொனற்றைத் திறந்து, நடந்ததெல்லாவற்றையும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார், ஆங்கிலம் முட்டுப்பட்ட இடங்களில் நான் எடுத்துக் கொடுத்தேன். பழைய போல்ற்றும் அரைபட்ட கீயும் ஒரு ஃபிலிம் டப்பாவுக்குள் இருந்தன, அதையும் அவன் கையில் கொடுத்தார். பொடியன் முகம் வாடியது. இது எவ்வளவு காலத்துக்குத் தாங்கும் என்று கேட்டான். தான் இறுக்கியது, ஆடினால் தன்னிடமே கொண்டுவரலாம், காசு வேண்டாம் என்று சொல்லச்சொன்னார் மாமா.

கொண்டுவந்தான். ஆடியதற்காக இல்லை, ரைமிங் பெல்ற் மாற்றுகிற காலம் வந்துவிட்டதற்காக. மாமாவின் தலை அப்போது நரைக்கத் தொடங்கியிருந்தது, எனக்குப் பிரேக்கை மிதிக்கத் தலையணை தேவையில்லாத உயரம். ஆனால் மிதிக்கவேண்டி வரவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, றேடியேற்றர் இடுக்கால் கனநேரம் பார்த்தார். பிறகு கப்பியின் நாலு சின்னப் போல்ற்றையும் கழற்றி, நடுவிலிருந்த பெரியதைத் தொடாமலே பெல்ற்றை மாற்றினார்.

பெல்ற்றின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, பொடியனுக்குச் சொல்லு என்று என்னிடம் சொன்னார்: "முன்னுக்கு எண்ணெய் ஒழுகினால் மட்டும் கொண்டுவரட்டும். இல்லாட்டி அந்தப் போல்ற்றில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. அவனும்தான்."